தோழிக்கு ஒரு பதில்: யாரிடம் லேசர் செய்துகொள்வது?

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம் என்பதும், மகள் முதுகலைப் படிப்பை முடித்துவிட்டாள் என்பதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. நான் ஓய்வு பெற்ற பிறகும் வார்டுக்குக் கிளம்பும் நேரத்திற்கே விழித்துக்கொள்கிறேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்த கேள்விக்கே இந்தக் கடிதத்தை ஒதுக்குகிறேன். மகளுக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் வளரும் முடிக்காக லேசர் சிகிச்சை செய்ய நினைப்பதாகவும், விசாரித்த இடங்களில் ஆளுக்கொன்று சொல்வதாகவும், அவற்றுள் ஓரிடத்தில் தை மாதத் திருமணத்திற்குள் எட்டு சிட்டிங்கையும் முடித்து முடியை அடியோடு அகற்றிவிடுவதாகக் கூறிப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறாய். தோல் பிரிவில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது, அந்த முன்பணத்தைக் கட்டாதே என்பதுதான்.

அந்தக் கணக்கே பொருந்தவில்லை. முடி ஒவ்வொன்றுக்கும் வளரும் பருவம், சுருங்கும் பருவம், ஓய்ந்து உதிரும் பருவம் என்று ஒரு சுற்று உண்டு. வளரும் பருவத்தில் இருக்கும் முடியின் வேரைத்தான் லேசர் சிதைக்க முடியும். மற்றவை வளரும் பருவத்திற்கு வரும்வரை காத்திருந்து மீண்டும் செய்ய வேண்டியிருப்பதால், முகத்திற்கு ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு முதல் ஆறு வார இடைவெளி விடுவார்கள். அப்படியானால் எட்டு சிட்டிங்குக்கு ஆறு மாதத்திற்கு மேல், பத்து மாதம் வரைகூட ஆகும். இப்போது ஆவணி முடியப் போகிறது. தை மாதத்திற்குள் எட்டையும் முடிப்பதாகச் சொல்பவர், ஒன்று முடியின் வளர்ச்சியை அறியாதவர், அல்லது அறிந்தும் பணத்திற்காகச் சொல்பவர். அடியோடு அகற்றுவது என்ற வாக்குறுதியும் அப்படிப்பட்டதே. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்கூட, லேசர் முடியை நிலையாகக் குறைக்கும் என்று விளம்பரம் செய்யத்தான் இடம் தருகிறதே தவிர, முற்றாக நீக்கிவிடும் என்று சொல்ல அனுமதிப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்கு முடி வெகுவாகக் குறைந்து, மீதி மெலிந்துவிடும். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சிட்டிங் தேவைப்படலாம். இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்பவரை நீ நம்பலாம்.

எந்தக் கருவி நல்லது என்றும் கேட்டிருக்கிறாய். ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் விளக்கிய கொள்கைதான் இந்தச் சிகிச்சைக்கு அடிப்படை. குறிப்பிட்ட அலைநீளமுள்ள ஒளியை மிகக் குறுகிய நேரம் பாய்ச்சினால், அதை ஈர்க்கும் நிறமி உள்ள இடம் மட்டும் சூடாகிச் சிதையும், சுற்றியுள்ள திசு தப்பும் என்பதே அது. இங்கே ஒளியை ஈர்ப்பது முடியில் உள்ள மெலனின். ஆனால் அதே மெலனின் நம் தோலிலும் நிறைய இருக்கிறது. வெளுத்த தோலில் கருமுடி உள்ளவருக்கு ஒளி நேரே முடியைத் தேடிச் செல்கிறது. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் அது வழியிலேயே தோலையும் சுடக்கூடும். ஆகவே, சுவரில் மாட்டியிருக்கும் வெளிநாட்டு மாடலின் படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் உன் மகளின் நிறத்திற்கு அதில் ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் உள்ள என்டி யாக் லேசரை மெலனின் குறைவாகவே ஈர்க்கிறது, அது ஆழமாகவும் இறங்குகிறது என்பதால், கருநிறத் தோலுக்கு அதுவே மிகவும் பாதுகாப்பானது. 800 முதல் 810 வரையுள்ள டயோடு லேசரையும், ஒவ்வொரு முறை ஒளி பாயும் நேரத்தைச் சற்று நீட்டி, தோலை நன்கு குளிரவைத்துச் செய்தால், நம்மவருக்குப் பயன்படுத்தலாம்; நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. ஐபிஎல் என்பது லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. அதை லேசர் என்று சொல்லி விற்கும் இடத்தில் இரண்டாவது கேள்வி கேட்கக்கூட நிற்க வேண்டாம்.

ஆனால் கருவியைவிட, அதைப் பிடிப்பவரையும் அதற்கு முன் மகளைப் பரிசோதிப்பவரையும் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நீ சென்ற மூன்று இடங்களில் ஒன்றிலாவது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, உடல் எடை கூடியிருக்கிறதா, இந்த முடி எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டார்களா? உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இந்த வயதுப் பெண்ணுக்குத் தாடையில் தடித்த முடி வளர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்கிறோமே, அந்த ஹார்மோன் கோளாறு. லேசர் இப்போதுள்ள வேர்களைச் சிதைக்குமே தவிர ஹார்மோனை மாற்றாது. உள்ளே காரணம் அப்படியே இருந்தால், இன்று பூனைமுடியாக இருப்பது நாளை கருமுடியாகத் தடிக்கும், நீயும் சிட்டிங்குக்கு மேல் சிட்டிங்காகப் பணம் கட்டிக்கொண்டே இருப்பாய். அவளுக்கு ஹார்மோன், தைராய்டு, சர்க்கரை ஆகிய பரிசோதனைகளைச் செய்து, தேவையானால் மகப்பேறு மருத்துவரிடமும் காட்டி, அதன் பிறகே லேசரைப் பற்றிப் பேசும் தோல் மருத்துவர்தான் உனக்கு வேண்டும். மாத்திரை கொடுத்தாலும் முடியில் அதன் பலன் தெரிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும் என்பதையும் மகளிடம் சொல்லிவை.

மருத்துவர் என்று போட்டிருப்பவர் எல்லோரும் தோல் மருத்துவர் அல்லர். தோல் துறையில் எம்.டி., டி.என்.பி., அல்லது அந்தத் துறைக்கான பட்டயம் பெற்றவரா என்று பார். குறுகிய காலக் காஸ்மெட்டாலஜி சான்றிதழ் அதற்கு ஈடாகாது. அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முதல் நாள் மருத்துவர் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு பணிப்பெண் மட்டும் செய்வார் என்றால், ஆற்றலின் அளவைத் தீர்மானிப்பது யார், அன்று மருத்துவர் கட்டிடத்தில் இருப்பாரா, தோல் வெந்துபோனால் இரவில் யாரை அழைப்பது என்று கேள். இந்த மூன்றுக்கும் தடுமாறாமல் பதில் வர வேண்டும்.

எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒருமுறை ஒரு பெண் வந்தாள். தள்ளுபடி விலையில் எங்கோ செய்துகொண்டதில், கருவியின் முனை பட்ட இடமெல்லாம் தாடை நெடுகக் கட்டம் கட்டமாகக் கறுத்திருந்தது. அந்தக் கருமை மங்கவே பல மாதங்கள் ஆயின. என்ன லேசர், எவ்வளவு ஆற்றல் என்று எங்கள் மருத்துவர் கேட்டபோது அவளிடம் ஒரு சீட்டுகூட இல்லை. அதனால்தான் உனக்கு வற்புறுத்திச் சொல்கிறேன்: ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தேதி, கருவி, ஆற்றல் அளவு ஆகியவற்றை எழுதிய அட்டையை உன்னிடம் தர ஒப்புக்கொள்ளாத இடம் வேண்டாம். முழு முகத்திலும் தொடங்குமுன், காதுக்குக் கீழே சிறிய இடத்தில் பேட்ச் டெஸ்ட் செய்து, சில நாட்களாவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும். முடி வேரைச் சுற்றிச் சிவந்து தடித்து, ஓரிரு நாளில் அடங்குவது இயல்பு, கொப்பளம் இயல்பல்ல. மகளுக்கும் அறையில் உள்ள அனைவருக்கும் கண்காப்பு இருக்க வேண்டும். புருவத்தின் கீழ்ப்பகுதியைத் திருத்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும், கண்குழிக்குள் லேசர் படவே கூடாது என்பதால், மறுத்துவிடு.

வலி தெரியாதிருக்க மரத்துப்போகும் களிம்பு பூசுவார்கள். மேலுதட்டில் சிறிதளவு பூசுவதில் தவறில்லை. கால், கை முழுவதும் தடவி அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றுவது உயிருக்கே ஆபத்து. அப்படிச் செய்து இளம்பெண்கள் இறந்ததால் 2007இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே வெளியிட்டது. இந்தப் பேக்கேஜில் கை, கால் இலவசம் என்று ஆசை காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய், அதனால் சொல்கிறேன்.

நல்ல மருத்துவரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த உறுதியான வழி, அவர் எந்த இடத்தில் செய்ய மறுக்கிறார் என்று பார்ப்பது. உன் மகளின் கன்னத்தில் உள்ள மென்மையான முடியையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்று நீ விரும்புகிறாய். அந்த மெல்லிய முடியில் ஒளியை ஈர்க்கப் போதிய நிறமி இல்லை. அதைவிட, நம் நிறத்தவரிடமும் பிசிஓடி உள்ளவரிடமும், முகத்தில் லேசர் பட்ட பிறகு அந்தப் பகுதியிலோ அதன் ஓரத்திலோ முடி முன்பைவிட அதிகமாகவும் தடிப்பாகவும் வளர்வது உண்டு. மருத்துவ நூல்களில் பதிவான விளைவு இது. தாடைக்குச் செய்யலாம், கன்னத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து உன் மகளின் முகத்தைக் காக்கிறார். அவரிடமே போ. உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் முதலில் காட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டாலும் நல்லது; அங்கு யாருக்கும் பேக்கேஜ் விற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மகள் இதுவரை திரெடிங் செய்துவருவதாக எழுதியிருந்தாய். லேசர் தொடங்குவதானால் அதைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், வேர் இல்லாத இடத்தில் ஒளிக்கு வேலை இல்லை. இடைப்பட்ட காலத்தில் சவரம் செய்துகொள்ளலாம். அதனால் முடி தடிக்கும் என்பது வெறும் பேச்சு. வண்டியில் போகும்போது முகத்தை மூடிக்கொள்ளச் சொல், வெயிலில் கறுத்திருக்கும் நாளில் செய்துகொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் கேட்கிறேன், நம் நட்பின் உரிமையில். இது அவளுடைய விருப்பமா, அல்லது மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற உன் பயமா? அவளே விரும்பினால் முழு மனதோடு துணை நில். அந்த முடியால் ஒரு பெண் கல்லூரியில் படும் மனவேதனையை நான் நேரில் பார்த்தவள், அதை அற்பமாக நினைக்கவே மாட்டேன். அவளுக்கு அது பொருட்டில்லை என்றால் பரிசோதனைகளை மட்டும் செய்துவிட்டு விட்டுவிடு. எப்படியானாலும் திருமணத்தைக் கெடுவாக வைத்துக்கொண்டு அவசரப்படாதே. திருமணத்திற்கு முந்தைய வாரங்களில் முகத்தில் எந்தப் புதுச் சிகிச்சையும் தொடங்க வேண்டாம்; மிச்சத்தைப் பங்குனிக்குப் பிறகு நிதானமாகத் தொடரலாம்.

இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் அவற்றின் படத்தையும், அந்த மூன்று இடங்களிலும் தந்த சீட்டுகளையும் எனக்கு அனுப்பு. நீ மருத்துவரைப் பார்க்கும் நாள் வெள்ளிக்கிழமையாக இருந்தால் நானும் பேருந்தில் வந்துவிடுகிறேன், மூவருமாகப் போய் வரலாம்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி