முதிரை அலுமாரி குறித்து நண்பருக்கு

நெடுங்கேணி

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மூத்த மகளுக்குக் கலியாணம் ஒழுங்காகிவிட்டதை அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மெத்த மகிழ்ச்சி. இங்கே கார்த்திகை மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. விதைப்பு முடிந்து பயிர் பச்சையாக நிற்கிறது. நாங்கள் சுகம்.

வவுனியாவில் உம் தங்கச்சி வீட்டில் நிற்கும் உங்கள் ஆச்சியின் அலுமாரியை வாங்குவதற்குத் தெற்கிலிருந்து ஒரு பழந்தளபாட வியாபாரி வந்து போனதாகவும், அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் தங்கச்சிக்குப் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர். போன கிழமை நான் நேரே போய், லாச்சிகளை முழுதாக வெளியே எடுத்து, பின்பக்கத்துக்கும் ரோச் அடித்துப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். அதைக் கொடுக்க வேண்டாம்.

சட்டம், கதவு, பக்கப் பலகை எல்லாம் நல்ல முதிரை. மேலே படிந்த அழுக்கினால் மண்ணிறமாகத் தெரிகிறது. ஆனால் கதவின் உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், மஞ்சள் நிறத்தில் நாடா நாடாவாக ஒளி மாறி மாறி ஓடுவதைக் காணலாம். முதிரையைத் தவிர வேறெந்த மரத்திலும் நான் அந்த மினுக்கத்தைக் கண்டதில்லை. ஒரு கன மீற்றர் முதிரை ஏறத்தாழ ஒரு தொன் நிற்கும் என்பதை நினைத்தால், அந்தக் கதவு கைக்கு ஏன் அவ்வளவு பாரமாக இருக்கிறது என்பது விளங்கும். கதவின் நடுப்பலகை ஒவ்வொன்றும் ஒட்டுப் போடாத ஒரே பலகை. மெதுவாக வளரும் மரம் இது. அந்த அகலத்துக்கு உள்மரம் முற்றி வைரம் வைத்த முதிரையை இன்று எங்கே போய்த் தேடுவது? கிடைத்தாலும் வெட்டுவதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

வேலைப்பாடு முழுவதும் கைவேலை. லாச்சியின் மூலைகளில் புறாவின் வால்போல் விரிந்த பற்களால் கோத்த பொருத்துகள் ஒன்றுக்கொன்று அகலத்தில் சற்றே வேறுபடுகின்றன. ஓடாவியார் அளவுக்காகக் கீறிய மெல்லிய கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது. லாச்சியின் அடிப்பலகையை விரல்களால் தடவினால் சீவுளி போன தடங்கள் சிற்றலைபோல் தட்டுப்படும். பின்பலகையில் வாள் பட்ட அடையாளங்கள் நேராகவும் இடைவெளி ஒவ்வாமலும் இருக்கின்றன. வட்டவாளில் அரிந்திருந்தால் அவை வில்போல் வளைந்திருக்கும். ஒரு பிணைச்சலில் மாத்திரம் தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணிகள் உண்டு. அவ்வகை ஆணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது என்பதால், அது பிறகு செய்த திருத்தம் என்று கொள்ளலாம்.

உமக்கு நினைவிருக்கும், அந்த அலுமாரியின் முடிச்சட்டத்தைத் தூக்கிவிட்டு ஆப்புகளைத் தட்டினால் முழுவதும் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். பெரிய அலுமாரிகளை வாசலால் உள்ளே கொண்டுபோவதற்காக அக்காலத்தார் அப்படிச் செய்தார்கள். 1990களில் உம் தகப்பனார் அதைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்ப முடிந்ததும் அந்த ஆப்புகளால்தான். வன்னியில் இப்படிப்பட்ட பொருள் எத்தனை வீட்டில் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பாரும். 2009 இல் போர் முடிந்தபின் மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த எங்கள் சனங்களில் எத்தனையோ பேருக்குக் கூரையுமில்லை, கதவு நிலையுமில்லை. பெட்டகமும் அலுமாரியும் இருந்த இடமே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் தப்பி நிற்கும் ஒன்றை நாமே விலைக்குக் கொடுப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை.

தங்கச்சியின் குறைகளும் நியாயமானவை. ஒரு கதவு இறுகிப்போய்த் திறக்கக் கஷ்டமாக இருக்கிறது. மற்றக் கதவின் நடுப்பலகை வெடித்திருக்கிறது. பின்கால் ஒன்றிலிருந்து மாப்போல் தூள் கொட்டுகிறது. சட்டைகளைத் தொங்கவிடவும் வழியில்லை. ஆனால் இவற்றில் தீராதது ஒன்றுமில்லை.

வெடிப்பின் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருத்துகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. மரம் மாரியில் ஈரம் குடித்து அகலத்தில் விரியும், கோடையில் சோளகம் அடிக்கும்போது சுருங்கும். நீளத்தில் அவ்வளவு மாற்றமில்லை. அதனால்தான் பழைய ஓடாவிமார் நடுப்பலகையைச் சட்டத்தின் தவாளிப்புக்குள் பசையோ ஆணியோ இல்லாமல் சும்மா நிறுத்திவைத்தார்கள். உங்கள் அலுமாரியில் யாரோ பிற்காலத்தில் பலகை ஆடுகிறதென்று எண்ணி இரு பக்கமும் சின்ன ஆணிகள் அடித்துவிட்டார்கள். சுருங்க இடமில்லாத பலகை நடுவால் பிளந்துவிட்டது. அந்த ஆணிகளைப் பிடுங்கி, வெடிப்புக்குள் முதிரைச் சிராய் ஒன்றைச் சீவி ஒட்டி, பலகையைப் பழையபடி தளர்வாக விட்டால் போதும்; புட்டி பூசினால் அடுத்த கோடையில் உதிர்ந்துவிடும்.

இறுகிய கதவை இப்போது சீவ விடக்கூடாது. மழைக்கு விரிந்திருக்கும் கதவை இன்று சீவினால், வைகாசியில் நீக்கல் விழும். இப்போதைக்கு விளிம்பிலும் லாச்சி ஓடும் சட்டங்களிலும் மெழுகுதிரியைத் தேய்க்கும்படி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தூள் கொட்டும் இடம் காலின் வெள்ளைப் பகுதி மாத்திரம். வைரத்தை உளுப்பூச்சி தொடவில்லை. அந்தப் பகுதியைச் செதுக்கி எடுத்து வைரமுள்ள துண்டைப் பொருத்தலாம். கறையானுக்குப் பயந்து கால்களைக் கருங்கற் துண்டுகளின்மேல் ஏற்றி, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்துவிட்டேன்; புற்று ஏறினால் உடனே கண்ணுக்குத் தெரியும். உள்தட்டுகள் ஆணி அடிக்காமல் தாங்குசட்டங்களின்மேல் கிடப்பதால், ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குறுக்கே ஒரு தடி வைத்தால் சட்டைகளைத் தொங்கவிடலாம். கழற்றிய தட்டை எறியாமல் அலுமாரியின் பின்னாலேயே வைக்கச் சொல்லும்.

மேற்பூச்சைப் பற்றி ஒரு கண்டிப்பான வேண்டுகோள். மறைவான ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தபோது பூச்சு இளகிப் பிசுபிசுத்தது. ஆகவே அது அரக்குப் பொலிஷ். இயந்திரத்தால் உரஞ்சி, பளபளக்கும் வாணிஷ் அடித்துத் தருவதாக யார் வந்தாலும் விட வேண்டாம். அழுக்கெடுத்து, தேய்ந்த இடங்களில் மாத்திரம் அரக்கைத் திரும்பவும் மெல்லிதாகப் பூசினால் போதும். கண்ணாடியில் விழுந்த கறுப்புப் புள்ளிகளும் அப்படியே இருக்கட்டும்.

புதிய அலுமாரிகளையும் கடையில் பார்த்தேன். மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய சிப்போட் அலுமாரி மலிவுதான். ஆனால் மழைத்தண்ணீர் ஒருமுறை அடித்தட்டில் பட்டால் ஊதிப் பொருமிவிடும், பிறகு திருகாணி பிடிக்காது. காணி உறுதியும் பத்திரங்களும் வைக்க இரும்பு அலுமாரி நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் சனங்கள் இன்றும் அவற்றை எந்நேரமும் தூக்கக்கூடிய ஒரு பையில்தான் வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை.

எனக்குத் தெரிந்த வயதான ஓடாவியார் ஒருவர் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு, மரம் காய்ந்ததும், வந்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலியை நீர் அவரோடு நேரே பேசிக்கொள்ளலாம். நடு லாச்சியின் திறப்பு உம்மிடம் இருக்கிறதா என்றும் பார்த்து எழுதும், இல்லையென்றால் பூட்டை உடைக்காமல் திறப்பு வெட்டுவிக்கலாம். வியாபாரி தை பிறந்ததும் மறுபடி வருவாராம். அதற்கு முன் தங்கச்சியோடு தொலைபேசியில் பேசி உம் முடிவைச் சொல்லிவிடும்.

அன்புடன்,
உம் பழைய நண்பன்