கார்த்திக்கு, அந்த 6,799 ரூபாய் போன் விஷயமாக

அன்புள்ள கார்த்தி,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ கத்தியது இன்னும் காதிலேயே நிற்கிறது. "என்னம்மா இது, உன் முகமே தெரியல, கட்டம் கட்டமா இருக்கு, மாசாமாசம் காசு அனுப்பறேன்ல, நல்ல போனா வாங்கிக்க என்ன கேடு?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் படம் அப்படியே நின்றுவிட்டது. நீ என்னடாவென்றால் அம்மா கோபத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து வைத்துவிட்டாய். கோபம் ஒன்றும் இல்லை, போன் நின்றது, அவ்வளவுதான். சரி, வாட்ஸ்அப்பில் விளக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தால், ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது வருமா வராதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன், உனக்கு அதில் பாதிதான் தெரியும். 2022இல் நீ வந்திருந்தபோது வாங்கிக் கொடுத்தாயே 42,000 ரூபாய் போன், அது பெரும்பாலும் பீரோவில் அப்பாவின் பட்டு வேட்டிக்கு அடியில்தான் இருந்தது. காய்கறி வாங்கப் போனால் எடுத்துப்போக மாட்டேன், பஸ்ஸில் பையிலிருந்து வெளியே எடுக்க மாட்டேன், சமையலறைக்குள் கொண்டு போகவே மாட்டேன், எண்ணெய் பட்டுவிடுமே. நீ கூப்பிட்டால் அது பீரோவுக்குள் பாடிக்கொண்டே இருக்கும், நான் கையைக் கழுவி, துடைத்து, சாவி தேடித் திறப்பதற்குள் நின்றுவிடும். அம்மா போனை எடுப்பதே இல்லை என்று உன் தங்கையிடம் நீ குறைப்பட்டதும் எனக்குத் தெரியும். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே ஒரு நாள் மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன், வடாம் பிழிவதை உன் பெண்டாட்டிக்குப் படம் பிடித்து அனுப்பலாம் என்று. மாவுக் கை, வழுக்கிவிட்டது. டிஸ்பிளே மாற்ற 14,500 என்றார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜ் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. உன்னிடம் சொன்னால் அடுத்த வாரமே இன்னொன்றை அனுப்பி வைப்பாய், அதையும் பீரோவில் வைத்துப் பூட்ட என்னால் ஆகாது என்றுதான் சொல்லவில்லை.

மறுநாள் வில்லிவாக்கத்தில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். காலேஜ் படிக்கும்போது கம்ப்யூட்டர் சாமான் வாங்க அப்பாவை இழுத்துக்கொண்டு போவாயே, அதே சந்து, அதே நெரிசல். கடைப்பையன் "மேடம், நாலு ஜிபி ராம்" என்று பெட்டியை நீட்டினான். ராம் என்பது போன் வேலை செய்கிறபோது கைக்கு எட்ட வைத்துக்கொள்கிற நினைவகம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 2 + 2 என்று இருக்கிறது. மாடி வீட்டுப் பையன் முன்பே சொல்லி அனுப்பியிருந்தான்: நிஜ ராம் இரண்டுதான், மீதி இரண்டு போனின் சேமிப்பிலிருந்தே கொஞ்சம் இடத்தை எடுத்து ராம் மாதிரி ஓட்டுவது. திடீரென்று ஆள் வந்துவிட்டால் ரசத்தில் வெந்நீர் ஊற்றுவோமே, அந்தக் கணக்கு. "அப்போ ரெண்டுதானேப்பா?" என்று கேட்டதும் அவன் முகம் கொஞ்சம் மாறிற்று, கண்ணாடி ஒட்டியதற்குக் காசு வாங்கவில்லை. *#06# அடித்து வந்த போனின் அடையாள எண்ணும் பெட்டியில் இருந்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தேன், ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்கினேன். எல்லாம் சேர்த்து 6,799.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நிம்மதி வந்தது பார், அதை உனக்கு எப்படிச் சொல்வது. இந்தப் போன் கிரைண்டர் பக்கத்தில் கிடக்கும், மாவுக் கையோடு தட்டி ஸ்பீக்கரில் போடுவேன். கீழ்வீட்டு வாண்டு கார்ட்டூன் பார்க்கக் கேட்டால் கொடுத்துவிடுவேன், வேலைக்கு வருகிற பெண்ணுக்கு ஊருக்குப் பேச வேண்டுமென்றால் கொடுத்துவிடுவேன். மூன்று தடவை கீழே விழுந்திருக்கிறது, எடுத்துத் துடைத்து வைத்ததோடு சரி. முதுகெல்லாம் பிளாஸ்டிக், உன்னுடையது மாதிரி கண்ணாடி இல்லை. நீ எப்போது கூப்பிட்டாலும் ரெண்டாவது ரிங்கில் எடுக்கிறேனா இல்லையா, அதையும் யோசி.

அப்புறம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4. நீ அங்கே டொராண்டோவில் உட்கார்ந்து வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் வீடியோவில் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தாய், இங்கே நம் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் போய் இரண்டு ராத்திரி. மாடி வீட்டில் மூன்று பெரிய போன்கள், முதல் நாள் ராத்திரிக்குள் மூன்றும் கண்ணை மூடிவிட்டன. என்னுடையது மூன்றாம் நாள் காலை வரை உயிரோடு இருந்தது. 5,000 எம்ஏஎச் பேட்டரி விலை கூடின போனிலும்தான் இருக்கிறது, ஆனால் இதில் திரை சாதாரணம், உள்ளே இருக்கிற சிப்பும் சோம்பேறி, ரெண்டும் சேர்ந்து சார்ஜை அதிகம் குடிப்பதில்லை. டவரும் போய்விட்டது, யாரையும் கூப்பிட முடியவில்லை, அடுத்த தெருவில் என்ன நிலைமை என்றுகூடத் தெரியாது. அப்போதுதான் இதில் எஃப்எம் இருப்பது ஞாபகம் வந்தது. இயர்போன் குத்தினால்தான் அது பாடும், அந்த வயர்தான் அதற்கு ஏரியல். உன் போனில் இயர்போன் குத்த ஓட்டையே கிடையாது. மாடிப்படியில் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, 101.4 ரெயின்போவும் 102.3 கோல்டுமாக மாற்றி மாற்றி ஆறு குடித்தனமும் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். எத்தனை வருஷம் கழித்து எல்லோரும் ஒரே ரேடியோவைக் கேட்டோம் என்று மாடி வீட்டுப் பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வயர் நகர்ந்தால் கரகரக்கும், ஒரு பையன் அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

சரி, நல்லதையே சொல்லிக்கொண்டு போனால் நீ நம்ப மாட்டாய். இதன் குறையும் எனக்குத்தான் தெரியும், தினம் இதோடு குடித்தனம் பண்ணுகிறவள் நான்.

பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருக்கிறது. அதில் பெரிய பங்கை சிஸ்டமே எடுத்துக்கொண்டு விடுகிறது, அப்புறம் கம்பெனிக்காரர்களே போட்டு அனுப்பின செயலிகள், சிலதை அழிக்கவே முடியவில்லை. மீதி இடத்தை நம் சொந்தக்காரர்கள் குட் மார்னிங் ரோஜாப்பூ அனுப்பியே நிரப்பிவிட்டார்கள். மெமரி கார்டு போட்டிருக்கிறேன், படமும் பாட்டும் அங்கே போகும், செயலி போக மாட்டேன் என்கிறது. நிரம்ப நிரம்பப் போன் தவழ ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று மாடி வீட்டுப் பையனைக் கேட்டேன். இந்த மாதிரிப் போனில் இருப்பது இஎம்எம்சி என்று ஒரு வகைச் சேமிப்பு, விலை கூடினதில் யுஎஃப்எஸ். யுஎஃப்எஸ்ஸில் ஒரே நேரத்தில் எழுதவும் படிக்கவும் முடியும், இஎம்எம்சியில் ஒன்று முடிந்தால்தான் மற்றது என்றான். நம் வீட்டுப் பரண்தான் ஞாபகம் வந்தது. ஒரு ஆள்தான் ஏற முடியும், முன்னால் இருக்கிற சாமானை இறக்கி வைத்தால்தான் உள்ளே இருக்கிற அண்டா கைக்கு வரும்.

அந்த இடப் பஞ்சமே ஒரு தடவை என்னைக் காப்பாற்றியது, அது வேறு கதை. தெரியாத நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது, பெயர் ஏபிகே என்று முடிந்தது, அது போனில் செயலியை ஏற்றுகிற ஃபைலாம். முகூர்த்த மாசம், யார் வீட்டு விசேஷமோ என்று தட்டிவிட்டேன். தட்டியதும் அது எதையோ ஏற்றப் பார்த்தது, இடம் இல்லை போ என்று போன் சொல்லிவிட்டது. ஓடிபியைத் திருடுகிற வேலை என்று அப்புறம்தான் தெரிந்தது. ஏறியிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அடித்து அழுதுகொண்டிருந்திருப்பேன். இதைச் சிரிப்பாகச் சொன்னாலும் பயம் இருக்கிறது. இதற்குப் பாதுகாப்பு அப்டேட் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி வராது என்றுதான் தோன்றுகிறது. உன் புது பிக்சல் போனுக்கு ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நீதானே பெருமையாகச் சொன்னாய். அதனால் பென்ஷன் வருகிற கணக்கை நான் இந்தப் போனோடு சேர்க்கவே இல்லை. யுபிஐக்கு வேறு கணக்கு, அதில் 3,000 ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை.

யுபிஐ பண்ணுகிற லட்சணத்தையும் கேள். அகத்தீஸ்வரர் கோயில் பக்கம் கீரை விற்கிற அம்மாவிடம் ரெண்டு கட்டு சிறுகீரை வாங்கினேன், 30 ரூபாய். செயலியைத் தட்டினேன், பெயர் வந்தது, அப்படியே நின்றது. ஒருவழியாகக் கேமரா திறந்தால் கியூஆர் அட்டை மேல் வெயில் பளபளக்கிறது, கிட்டே கொண்டு போனால் மங்கல், தள்ளிப் பிடித்தால் இன்னும் மங்கல். எனக்குப் பின்னால் வந்த ரெண்டு பேர் காசு கட்டிவிட்டுப் போயே போய்விட்டார்கள், ஸ்பீக்கர் பெட்டி அவர்கள் தொகையைக் கத்திச் சொல்லியும் ஆயிற்று. "எம்மா, நாளைக்குக் குடு, போ" என்றாள். அவள் நல்லவள்தான், ஆனாலும் நடுத்தெருவில் முப்பது ரூபாய்க்குக் கடன்காரி ஆனேன். இப்போது பழையபடி சுருக்குப்பையில் சில்லறை.

நவம்பர் மாசம்தான் உச்சம். அப்பாவின் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பென்ஷன் எனக்கு வருகிறதே, அதற்கு வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். முன்பு பேங்க்கில் போய் வரிசையில் நிற்போம், 2021 நவம்பரிலிருந்து போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவே மாட்டேன். வட்டத்துக்குள் முகத்தை வைத்துக் கண்ணைச் சிமிட்ட வேண்டும், அவ்வளவுதான். கூடத்தில் சிமிட்டினேன், இருட்டு என்றது. பால்கனியில் சிமிட்டினேன், செயலியே மூடிக்கொண்டது. மொட்டைமாடிக்குப் போய் வெயிலைப் பார்த்து நின்று, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிமிட்டினேன், எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனுஷன் பயந்து உள்ளே போய்விட்டார். பதினோரு தடவை. கடைசியில் மாடி வீட்டுப் பையன் தன் போனில் எடுத்தான், யார் போனில் வேண்டுமானாலும் எடுக்கலாமாம். ஒரே சிமிட்டல், முடிந்தது.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, சமாளித்துக்கொள்வேன். நீ கத்தினதுக்கு அப்புறம் ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். போன மாசம் நிலா "பாட்டி பாரு பாரு" என்று வாயைத் திறந்து திறந்து காட்டினாள். நான் "அழகு, அழகு" என்றேன். சாக்லேட் எதையாவது அப்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். குழந்தை முகம் வாடினது மட்டும் எப்படியோ தெரிந்தது. இரண்டு நாள் கழித்து உன் பெண்டாட்டி அனுப்பின போட்டோவைப் பார்த்துத்தான் முன்பல் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். முதல் பல்லுடா. அது 6,799 ரூபாய் கணக்கில் வராத நஷ்டம், ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் பொங்கல் கழிந்து ஒன்று வாங்கப் போகிறேன், நானே, என் காசில். பன்னிரண்டு, பதிமூன்று ஆயிரத்துக்குள். ஆறு ஜிபி நிஜ ராம், பிளஸ் போட்ட ராம் இல்லை. 128 ஜிபி, யுஎஃப்எஸ், முன்பக்கக் கேமரா சுமாராகவாவது. எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் என்று கேட்டுத்தான் வாங்குவேன், அந்தக் கடைப்பையனிடமே போவேன், அவனுக்கு என்னை ஞாபகம் இருக்கும். நீ அங்கிருந்து எதையும் அனுப்பி வைக்காதே, வெளிநாட்டில் வாங்கினதற்கு இங்கே வாரண்டி என்று போய் நின்றால் பெரும்பாலும் கையை விரிக்கிறார்கள். விலை அதற்கு மேல் போனால் மறுபடியும் பீரோ சாவியைத் தேட வேண்டியிருக்கும், என் குணம் எனக்குத் தெரியாதா. இந்தப் பழசும் எங்கேயும் போகாது, கிரைண்டர் பக்கத்திலேயே கிடக்கட்டும், மழைக்காலத்துக்கு எஃப்எம் வேண்டும்.

இந்தக் கடிதத்தை என் போனில் படம் எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. மாடி வீட்டுப் பையன் டியூஷன் முடிந்து வந்ததும் எடுத்து அனுப்பித் தருவான்.

ஞாயிற்றுக்கிழமை நிலாவை ஜன்னல் பக்கமாக உட்கார வை. நல்ல வெளிச்சம் இருந்தால் இந்தப் போனிலேயே கொஞ்சம் தெரியும்.

அன்புடன்,
அம்மா