வால் தேய்ந்த மீன்

அன்பு மகன்,

கனடாவில், ஒன்ராறியோ ஏரிக்குள் விழுகிற கனராஸ்கா ஆற்றில் நீ பிடித்த சினூக் சால்மனின் படம் வந்தது. இதைச் சொதி வைக்கலாமா, குழம்பு வைக்கலாமா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்தது அதன் வாலைத்தான். உடம்பு கறுத்து, வால் ஓரம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. சரளையில் குழி தோண்டி முட்டை போட்டுக்கொண்டிருந்த பெட்டை அது. இனி அப்படியானதில் கை வைக்காதே.

மீன் சினைப் பொரியலுக்கு அடிபட்டு வளர்ந்த வீடு இது, புத்தி சொல்ல எனக்கு உரிமை குறைவுதான். ஆனாலும் சொல்கிறேன். சினூக் ஆற்றுக்குள் ஏறினதும் தீனி எடுப்பதை விட்டுவிடும். ஏரியில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துத்தான் மேலே வருகிறது. வாலால் கல்லைக் கிளறி, முட்டையிட்டு மூடி, கொஞ்ச நாள் காவல் நின்று செத்துப்போகும். நீ வீசுகிற, இறகால் கட்டின பொய்ப்பூச்சித் தூண்டிலை அது கடிப்பது பசியில் இல்லை, எரிச்சலில். பாதி நேரம் கடிப்பதும் இல்லை, தூண்டில் முதுகிலோ செட்டையிலோ கொளுவி இழுபடும். அப்படிக் கொளுவினால் உடனே விட வேண்டும் என்பது அங்கத்தைச் சட்டம். எங்கள் கொட்டியாரக்குடாவில் இதை மீன்பிடி என்று சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் மகாவலியில் விலாங்கு இதற்கு மறுபக்கம். ஆற்றில் வளர்ந்து, முட்டை போடக் கடலுக்குப் போகும்.

மழை பெய்து, கலங்கின தண்ணீர் தெளியத் தொடங்கும்போது போ. கீழே, ஆழமான வளைவுகளில் நில். ஏரியிலிருந்து புதிதாக ஏறின மீன் வெள்ளியாக இருக்கும், கடிக்கவும் செய்யும். அடியில் வெளிறின சரளைத் திட்டு தெரிந்தால் அதில் கால் வைக்காதே, முட்டை அதற்குள்தான். அதற்குக் கீழே, உருண்டு வருகிற முட்டையைப் பொறுக்க ரெயின்போ ட்ரவுட் காத்து நிற்கும். செம்மஞ்சளில் முட்டை மாதிரிக் கட்டின சின்னத் தூண்டில் அதற்குப் போதும்.

அப்புறம் உன் வீச்சு. ஈயம் கட்டி எறிந்து பழகின கை உனக்கு. அங்கே பாரம் நூலில்தான், பூச்சி வெறும் இறகு. நூல் பின்னால் முழுக்க நீளும்வரை பொறு, பிறகு முன்னுக்குத் தள்ளு. மார்புவரை போடுகிற ரப்பர் காற்சட்டைக்கு மேல் பெல்ட்டை இறுக்கு, விழுந்தால் தண்ணீர் உள்ளே ஏறுவது குறையும். தனியே இறங்காதே.

உன் சினூக்கும் வந்தேறிதானாம். ஒன்ராறியோ ஏரியின் சொந்தச் சால்மன் 1800களின் கடைசியிலேயே அழிந்துவிட்டது. ஆலைகளுக்குக் கட்டின அணை, காடழிப்பு, அளவு மிஞ்சின பிடி எல்லாம் சேர்ந்து முடித்துவிட்டன. பசிபிக் பக்கத்து மீனைப் பேரேரிகளில் கொண்டுவந்து விட்டது 1960களின் கடைசியில்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கறுத்தது சப்பென்றிருக்கும், வெள்ளி மீனைச் சமை. ஏரி மீனில், அதுவும் பெரியதில், இரசாயனம் சேரும். எந்த மீனை மாதம் எத்தனை தரம் தின்னலாம் என்று ஒன்ராறியோ அரசு வழிகாட்டி போட்டிருக்கிறது, பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடு.

அறுக்குளாக் கருவாடு கட்டி வைத்திருக்கிறோம். அங்கே வருகிற ஆள் யாரும் இருந்தால் சொல்லு.

அப்பா
திருகோணமலை