ஐம்பது வயதில் ஒட்டிய தாள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகள் அடுத்த மாதம் குழந்தையோடு வருகிறாள், வீடு இப்போதே பரபரப்பாக இருக்கிறது.

நீ மறுபடி வாட்டர்கலர் போட ஆரம்பித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் "இந்த வயதில் புதிதாக என்ன வரைந்துவிடப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சார்லஸ் பர்ச்ஃபீல்ட் என்ற வாட்டர்கலர் ஓவியர் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

1893-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அப்பாவை இழந்து, அதே மாநிலத்தில் சேலம் என்ற சிற்றூரில் வளர்ந்தார். ஆமாம், அங்கேயும் ஒரு சேலம்! கிளீவ்லேண்டில் ஓவியம் படித்தார். 1916-ல் உதவித்தொகையோடு நியூயார்க்கில் மேற்படிப்புக்குப் போனவர், வகுப்பை ஒரே நாளில் விட்டுவிட்டார். ஊர் திரும்பி 1917-ல் அவர் வரைந்தவற்றைப் பார்க்க வேண்டும், செல்வம். பூச்சிகளின் இரைச்சல் செடிகளுக்கு மேல் வளைவு வளைவாக எழும்பும். மழை இரவில் தேவாலய மணி அடிக்க, கோபுரமே உயிர் வந்து முறைக்கும். பயம், பித்து, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் வகுத்து, அவற்றை ஜன்னல்களிலும் மரங்களிலும் நுழைத்தார். அப்போது வயது 24.

அப்புறம் பிழைப்பு. 1921-ல் பஃபலோ நகரத்துக்குப் போய் சுவர்த்தாள் கம்பெனியில் டிசைனர் வேலை, கல்யாணம், ஐந்து பிள்ளைகள். 1929-ல் வேலையை விட்டு முழுநேர ஓவியரானார். வரைந்ததெல்லாம் பெரும்பாலும் தெருக்களும் பழைய வீடுகளும் தொழிற்சாலைகளும்தான். நல்ல பெயரும் கிடைத்தது. ஆனால் 1917-ன் அந்தக் கிறுக்கு அதில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1943-ல், ஐம்பது வயதில், 1917-ல் தொடங்கிய ஒரு படத்துக்குத் திரும்பி அதை 'வசந்தத்தின் வருகை' என்று முடித்தார். அதே சமயத்தில் வேறு பழைய படங்களையும் எடுத்து, ஓரங்களில் புதுத்தாள் ஒட்டிப் பெரிதாக்கி, மேலே வரைந்துகொண்டே போனார். 'சூரியனும் பாறைகளும்' 1918-ல் தொடங்கி 1950-ல் முடிந்தது. முப்பத்திரண்டு வருஷம்! வாட்டர்கலரை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும், திரும்பத் தொட்டால் கலங்கிவிடும் என்றுதானே நாம் கேட்டு வளர்ந்தோம்? அவரோ தாளை ஓவியம் வரையும் தாங்கியில் நிமிர்த்தி வைத்து, தண்ணீர் குறைந்த தூரிகையால், எண்ணெய் ஓவியக்காரர்கள் மாதிரி மேல்மேலே வரைந்து திருத்தினார். பல படங்களில் ஒட்டுப்போட்ட கோடு இன்னும் தெரிகிறது. அந்தக் கோடுதான் என்னை உலுக்குகிறது. உள்ளே இருபத்து நாலு வயதுப் பையன், வெளியே ஐம்பது தாண்டிய மனுஷன், ஒரே வெயில் இரண்டு பேர் மேலும் படுகிறது.

1967 ஜனவரியில் இறக்கும் வரை வரைந்தார். ஒளி நடுங்கும் மரங்கள், நிலவொளியில் டான்டேலியன் என்ற காட்டுப்பூவின் பஞ்சு விதைத்தலைகள் என்று அவருடைய மிகப் பெரிய, மிகத் துணிச்சலான படங்கள் அந்தக் கடைசிக் காலத்தில் வந்தவை.

கல்லூரி நாட்களில் நீ வரைந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வேப்பமரம் பத்திரமாக இருக்கிறதா? பரணில் இருந்தால் இறக்கிப் பார். அதன் கிளைகள் தாளின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒட்டுவதற்குத் தாள் வாங்கினால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில் வாங்கு, மெல்லிய தாள் ஈரத்தில் சுருண்டுவிடும்.

அன்புடன்,
ராஜு