30 கிலோமீட்டர் வரம்பு எங்கள் தெருவுக்கு எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையில் குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை கொண்டுவந்த வரம்பு இது. பெரிய சாலைகளில் காருக்கு 60, பைக்கிற்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று சொன்ன அதே அறிவிப்பில்தான் இதுவும் இருந்தது. எங்கள் வளசரவாக்கம் பக்கம் வந்து யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது என்பார்கள். அவர்கள்மேல் தப்பும் இல்லை. நான் தினமும் நடக்கிற தெருக்கள் எதிலும் 30 என்று எழுதிய ஒரு பலகையைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து எங்களுக்குப் பாடு அதிகம். மெட்ரோ வரட்டும், எங்களுக்கும் அது வேண்டும். ஆனால் சாலை குறுகி, தூணுக்குத் தூண் தடுப்பு வைத்த பிறகு வண்டிகள் எங்கே போகும்? போன் மேப் காட்டுகிற உள்தெருக்களுக்குள் புகுந்துவிடுகின்றன. மெயின் ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து வந்த எரிச்சலோடு உள்ளே திரும்புகிறவர், எதிரே நூறு மீட்டர் காலியாகத் தெரிந்ததும் முறுக்குகிறார். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற, வருகிற அதே நேரத்தில்தான் இது உச்சத்தில் இருக்கும்.

அந்த நாலு மணிக்கு எங்கள் தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். மழைநீர் வடிகாலின் மூடி தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் இருக்கிறது, அதுதான் நடைபாதை என்று பெயர். அதன்மேல் ஒரு டிரான்ஸ்பார்மர், ஒரு இஸ்திரி வண்டி, யாரோ வீடு கட்டக் கொட்டிய எம் சாண்ட். அதனால் பிள்ளைகள் கீழே இறங்கித்தான் நடக்க வேண்டும். கீழே ஓரமாகக் கார்கள் நிற்கின்றன, திருப்பத்தின் நுனி வரைக்கும். ஆக, காரைச் சுற்றிக்கொண்டு தெருவின் நடுவுக்கு வந்தால்தான் பிள்ளைக்கு எதிரே வருகிற வண்டி தெரியும், வண்டிக்காரருக்கும் அப்போதுதான் பிள்ளை தெரியும். அந்த இடத்தில் அவர் என்ன வேகத்தில் வருகிறார் என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றே வைத்துக்கொள்வோம். 30இல் வருகிற கார், ஓட்டுபவர் சுதாரித்து பிரேக் போட்டு முழுசாக நிற்க சுமார் 13 மீட்டர் ஆகும். 60இல் வந்தால் கிட்டத்தட்ட 37 மீட்டர். அதாவது முதல் கார் நின்று முடித்திருக்கும் இடத்தை, இரண்டாவது காரின் ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே தாண்டியிருப்பார். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு, பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும் கணக்கு இது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் 30க்கு மேல் வேண்டாம் என்று சாலைப் பாதுகாப்புக்காக உலக நாடுகள் கூடி வெளியிட்ட 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனத்திலும் சொல்லியிருக்கிறார்கள். அதனால் 30 சரியான வரம்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது காகிதத்தோடு நின்றுபோனதுதான் பிரச்சினை.

வேகத்தடை கேட்டு எங்கள் தெருக்காரர்கள் மனு கொடுத்தோம். "அங்கே விபத்து எதுவும் பதிவாகவில்லையே" என்று பதில் வந்தது. எப்படிப் பதிவாகும்? பைக் இடித்து முட்டி பெயர்ந்தவர் பக்கத்து கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். எங்கள் முனையில் பூ விற்கிற அம்மாவை ஒரு பைக் தள்ளிவிட்டுப் போனபோது மணிக்கட்டு எலும்பு முறிந்தது, பல வாரம் கடை போடவில்லை. அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, போனால் அன்றைய பிழைப்பும் போகும் என்று பயம். பதிவேட்டில் ஏறுவது சாவு மட்டும்தான் என்றால், ஒரு சாவு விழும்வரை காத்திருங்கள் என்றுதானே இந்தப் பதிலுக்கு அர்த்தம்?

மனு பலிக்காத இடங்களில் ஆட்களே சிமென்ட் குழைத்து வேகத்தடை போட்டுவிடுகிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அது ஆபத்து. குறுகலாக, செங்குத்தாக, வெள்ளைக்கோடு கூட இல்லாமல் கிடக்கிற அந்த மேட்டில் ராத்திரி பைக்கில் வருகிறவர் தூக்கியெறியப்படுகிறார். போல்ட் போட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் தடைகளும் இப்படித்தான், சீக்கிரமே துண்டு துண்டாகப் பெயர்ந்து, கடைசியில் தரையில் ஆணி மாதிரி போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐஆர்சி) வேகத்தடைக்கென்று அளவே கொடுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், வில் போல மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு இடுப்பு வலிக்காது, வேகமாக வருகிறவர் தானாகக் குறைப்பார். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும் இரவில் தெரியும்படி பெயிண்டும் வேண்டும். இன்னொன்று, புதிதாகத் தார் போடும்போது இருந்த வேகத்தடையும் போய்விடுகிறது, திரும்ப யாரும் போடுவதில்லை. வழவழப்பான புது ரோடு, தடை எதுவும் இல்லை, சொல்லவா வேண்டும். ரோடு போடுகிற ஒப்பந்தத்திலேயே வேகத்தடை, ஜீப்ரா கோடு, பலகை எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும், அதெல்லாம் முடிந்தால்தான் பில் பாஸ் ஆக வேண்டும்.

அபராதம் போடுங்கள் என்பார்கள். போடட்டும், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அதிவேகத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் இருக்கிறது, பதினெட்டு நிரம்பாத பையனிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாயும் சிறையும் கூட இருக்கிறது. ஆனால் உள்தெரு ஒவ்வொன்றிலும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியாது. டெலிவரி பையன்களை மட்டும் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து நிமிடத்தில் கொண்டுபோய்க் கொடு என்று கடிகாரத்தைக் காட்டி விரட்டுகிற கம்பெனிகளையும் கேட்க வேண்டும், தண்ணீர் லாரிகளையும் கேட்க வேண்டும், அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. யார் ஓட்டினாலும் வேகமாகப் போக முடியாதபடி தெருவை அமைப்பதுதான் நிலைக்கும்.

நடைபாதையும் இதே விஷயம்தான். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், நடைபாதையில் நடப்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தி.நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட முடிந்த ஊர் இது. அந்த அளவுக்கு நாங்கள் கேட்கவில்லை, ஒரு ஆள் தடங்கல் இல்லாமல் நடக்கிற அளவுக்கு இடம் கிடைத்தால் போதும்.

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்னால், ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒவ்வொரு தெருவின் வாயிலிலும் 30 என்ற பலகை வைக்கட்டும். பள்ளி இருக்கும் தெருக்களில் சரியான அளவில் வேகத்தடை போடட்டும், திருப்பங்களில் வண்டி நிறுத்த விடாமல் இரண்டு கம்பமாவது நடட்டும். மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் சேர்ந்து ஒரு நாள் மாலை நாலு மணிக்கு இங்கே வந்து பார்த்தாலே எந்த இடத்தில் எது வேண்டும் என்று தெரிந்துவிடும். வருகிற தேதியைச் சொன்னால் தெருக்காரர்கள் நாங்கள் கூட வந்து ஒவ்வொரு இடமாகக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
வளசரவாக்கம் பகுதிவாசி ஒருவர்