திரை மூலையில் எட்டிப் பார்க்கும் எச்சரிக்கை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எழுத்துகள் மீண்டும் துல்லியமாகத் தெரிகின்றன என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் அந்தத் தெளிந்த கண்ணுக்கு முதலில் தென்பட்டது, கணினித் திரையின் வலது மூலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன" என்ற எச்சரிக்கைதான் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உலாவியைத் திறந்தால் கேள்விப்பட்டே இராத ஏதோ ஒரு தேடல் பக்கம் வருகிறது என்றும், பெயர் புரியாத மென்பொருள்களையெல்லாம் கோபத்தில் நீக்கிவிட்டதாகவும், அன்றிலிருந்து கணினி ஊமையாகிவிட்டது என்றும் எழுதிவிட்டு, பணம் கொடுத்து எந்த ஆன்டிவைரஸை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எதையும் வாங்காதே; இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது பொறுத்திரு.

முதலில் அந்த மூலை எச்சரிக்கை. அது வைரஸும் இல்லை, உன் கணினி கொடுக்கும் எச்சரிக்கையும் இல்லை. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு வலைத்தளம், "நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய 'அனுமதி' என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், நீயும் அழுத்தியிருப்பாய். அன்று நீ கொடுத்தது, உன் திரையில் நினைத்தபோதெல்லாம் அறிவிப்பு காட்டுவதற்கான உரிமை. குரோம் உலாவியில் அமைப்புகளுக்குள் போய், தனியுரிமை, தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று வரிசையாகத் திறந்தால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். அதில் உனக்கு அறிமுகமில்லாத பெயர்களை நீக்கிவிடு. எச்சரிக்கை அந்த நிமிடமே நின்றுவிடும். அதற்கு ஆகும் நேரம் இந்தப் பத்தியைப் படிக்கும் நேரத்தைவிடக் குறைவு.

தேடல் பக்கம் மாறியிருப்பது வேறு விஷயம். அதில் உன்னைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை, ஏனென்றால் சென்ற ஆண்டு நானே அதில் விழுந்து எழுந்தவன். நான்கு பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக இணைக்க வேண்டியிருந்தது. தேடியபோது முதலில் வந்த முடிவைச் சொடுக்கினேன். அதன் தலைமேல் சிறிய எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். நிறுவும்போது ஒரு பெரிய பச்சைப் பொத்தான் "பரிந்துரைக்கப்படும் முறை" என்று அழைத்தது. அதற்குக் கீழே, வெள்ளைப் பின்னணியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் வெளிறிய சாம்பல் எழுத்தில், விருப்பம்போல் தேர்ந்துகொள்ளும் முறையும் இருந்தது. அதைத் திறந்திருந்தால், ஏற்கெனவே டிக் செய்து வைக்கப்பட்ட மூன்று கட்டங்களைப் பார்த்திருப்பேன்: ஒரு தேடல் கருவிப்பட்டை, ஒரு 'வேகமூட்டி', ஓர் உலாவி நீட்சி (உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் துணைநிரல்). நான் பச்சையைத்தான் அழுத்தினேன். மறுநாள் காலையில் உலாவியின் பட்டியலில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று ஒரு வரி முளைத்திருந்தது. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏது நிறுவனம்? அலுவலகக் கணினிகளை நிர்வாகிகள் கட்டுப்படுத்துவதற்காக உலாவியில் உள்ள வசதியை அந்த மென்பொருள் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு, தன் நீட்சியை நான் நீக்க முடியாதபடி பூட்டு போட்டிருந்தது. இரண்டு முறை நீக்கினேன். இரண்டு முறையும் கணினியை மறுபடி இயக்கியதும் திரும்பி வந்தது. மூன்றாம் நாள்தான் குறித்து வைத்த வேலைகளைத் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்க்கத் தோன்றியது. நான் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக நிறுவும்படி அங்கே ஒரு வேலை குறித்து வைக்கப்பட்டிருந்தது. அதை அழித்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அது எழுதி வைத்திருந்த கட்டுப்பாட்டையும் எடுத்த பிறகே உலாவி என் கைக்கு வந்தது. உன் கணினியிலும் அந்த 'நிறுவனம்' என்ற வரி தெரிகிறதா என்று பார்த்துச் சொல்.

அந்த மூன்று நாள்களில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். யாரும் என் வீட்டுச் சுவரில் கன்னம் வைக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டது என் கைதான். இது புதிய கதையும் அல்ல. 1989-ஆம் ஆண்டில் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறத்தாழ 20,000 பிளாப்பி வட்டுகளைத் தபாலில் அனுப்பினார்கள். வட்டைச் செருகி நிரலை நிறுவியவர்களின் கணினி சில காலம் ஒழுங்காகவே வேலை செய்தது. ஏறக்குறைய தொண்ணூறாவது முறை இயக்கும்போது கோப்புகளின் பெயர்களை மறைத்துவிட்டு, பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரலை இன்று ரான்சம்வேர் என்று சொல்லி எல்லோரும் பயப்படுகிறார்களே, அதன் மூதாதை அதுதான். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' புழுவும் (தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் தீநிரல்), காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலோடு வந்த ஓர் இணைப்பை மக்கள் தாமாகத் திறந்ததால் பரவியதுதான். அந்தக் கோப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. விண்டோஸ் கடைசிப் பின்னொட்டை மறைத்துவிடும் வழக்கமுடையது என்பதால், பார்த்தவர்களுக்கு அது ஒரு சாதாரண உரைக் கோப்பாகவே தோன்றியது. அந்த வழக்கத்தை விண்டோஸ் இன்றும் விடவில்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'காட்சி' என்ற பட்டியலைத் திறந்து, கோப்புப் பெயரின் பின்னொட்டுகளைக் காட்டும்படி மாற்றிவிடு. பிறகு 'ரசீது.பிடிஎஃப்' என்று நல்ல பிள்ளைபோல் வரும் ஒரு கோப்பு, உண்மையில் 'ரசீது.பிடிஎஃப்.எக்ஸ்இ' என்பது உனக்கே தெரிந்துவிடும்.

இப்போதைய சூழ்ச்சி இதைவிட நூதனமானது. ஒரு பக்கம், நீ மனிதன்தானா என்று சோதிப்பதாகச் சொல்லும். படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாது. அதற்குப் பதிலாக, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்து, பிறகு கன்ட்ரோலும் வியும், பிறகு என்டர் என்று படிப்படியாக வழிகாட்டும். முதல் அழுத்தம் கட்டளை இடும் பெட்டியைத் திறக்கிறது. இரண்டாவது, அந்தப் பக்கம் உனக்குத் தெரியாமல் ஏற்கெனவே நகலெடுத்து வைத்திருந்த கட்டளையை அதில் ஒட்டுகிறது. மூன்றாவதில் நீயே உன் கையால் தீநிரலை வரவழைத்துவிடுகிறாய். அது பெரும்பாலும் திரையில் எதையும் காட்டாது; உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், நீ உள்நுழைந்த நிலையிலேயே இருப்பதற்கு உதவும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ போனால், கடவுச்சொல்லே கேட்காமல் உன் மின்னஞ்சலைத் திறக்க முடியும் என்பதால், அப்படி ஏதேனும் நேர்ந்துவிட்டால் வேறொரு நல்ல கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுவதோடு, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற பொத்தானையும் மறவாமல் அழுத்த வேண்டும். எந்த வலைத்தளத்துக்கும் உன் விண்டோஸ் விசையைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் இல்லை. அதுபோலவே, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டி அலறும் பக்கம் எதுவாயினும் அது போலிதான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. மூட முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் உலாவியை நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்.

கையே வைக்காமல் வருகிறவையும் உண்டு என்று நீ வாதாடுவாய் என்று தெரியும். உண்மைதான். 2017 மே 12 அன்று தொடங்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் சொடுக்காமலே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத காலம் 'பிறகு நினைவூட்டு' என்று அழுத்தியவர்களும், ஆதரவு முடிந்துபோன பழைய விண்டோஸை வைத்திருந்தவர்களுமே பெரும்பாலும் மாட்டினார்கள். நீயும் அந்தப் பொத்தானுக்கு நெடுநாள் வாடிக்கையாளன் அல்லவா? இன்னொன்று: உன் கணினியில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் கால ஆதரவுக்குப் பதிவு செய்துகொள், அல்லது அடுத்த பதிப்புக்கு மாறு, அல்லது உன் கணினி அதற்கு இடம் கொடுக்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தை நிறுவிக்கொள். மூன்றில் எது என்றாலும் நான் உடனிருந்து செய்து தருகிறேன்.

ஆன்டிவைரஸுக்கு வருகிறேன். விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர் உன்னைப் போன்ற வீட்டுப் பயனருக்குப் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் இன்னும் இரண்டை ஏற்றி வைத்தால், ஒன்றின் வேலையை மற்றொன்று சந்தேகித்து, கணினி நத்தை வேகத்துக்கு வந்துவிடும். டிஃபெண்டர் விழித்திருக்கிறதா என்று சோதிக்க 'ஐகார்' என்ற ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள். எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைக் கண்டதும் குரைக்க வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தமக்குள் பேசி வைத்திருக்கின்றன. நோட்பேடில் ஒட்டிச் சேமித்த மறுகணமே டிஃபெண்டர் அதைப் பிடுங்கிக்கொண்டு போனதைப் பார்த்து, இந்த வயதில் நான் கைதட்டினேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். அதே டிஃபெண்டரை, திருட்டு மென்பொருளைத் தருகிறவன் "முதலில் அணைத்துவிடுங்கள்" என்று சொன்னதும் அணைத்துவிடும் மனிதர்களை நாம் இருவருமே அறிவோம். பெயர் சொல்லத் தேவையில்லை.

அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கி அதிலேயே புழங்கு. ஏதேனும் ஒன்று நிறுவப்பட முயலும்போது நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும்; அந்தக் கேள்விக்கு முன்னால் நீ ஒரு நிமிடம் நின்று யோசிப்பாய் அல்லவா, அதுதான் வேண்டியது.

உன் பேத்தியின் படங்கள் எல்லாம் அந்த ஒரே கணினியில்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பகீரென்றது. வெளியே இணைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அவற்றை நகலெடு. எடுத்ததும் அதன் கம்பியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடு. பலர் அந்த டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்கிறார்கள். ரான்சம்வேர் வந்தால் எட்டும் இடத்தில் உள்ள எல்லாவற்றையும் பூட்டும் என்பதால், அசலோடு நகலும் சேர்ந்தே போய்விடும். நகலெடுத்த பிறகு அலமாரியில் வைக்கும் முன், நாலைந்து படங்களை அந்த டிஸ்க்கிலிருந்தே திறந்து பார். திறக்காத நகலை வைத்துக்கொண்டு பல மாதம் நிம்மதியாக இருந்தவன் நான்.

கடைசியாக, நீ நீக்கிவிட்டதாக அனுப்பிய பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு ஒழிந்தது நல்லதே. மூன்று இருந்தாலும் போனாலும் ஒன்றுதான். ஆனால் பதினொன்றாவதாக 'ரியல்டெக்' என்று ஒன்றை எழுதியிருக்கிறாயே, அது வைரஸ் இல்லை ஐயா, உன் கணினியின் ஒலி இயக்கி, அதாவது ஒலியை வரவைக்கும் மென்பொருள். கணினி ஊமையானதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த வலைத்தளத்துக்குப் போய், மாடல் எண்ணைக் கொடுத்து, அங்கிருந்து மட்டும் அதை இறக்கி நிறுவு. தேடலில் முதலில் வருவதைச் சொடுக்கிவிடாதே.

அன்புடன்,
ராகவன்