'தனக்கு நோகுதாம்' எண்டதில இருந்து தொடங்குங்கோ: வன்னி இங்கிலீஷ் ரீச்சர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில இங்கிலீஷ் படிப்பிக்கிற சேர்மார் ரீச்சர்மாருக்கும் தவணைப் பரீட்சைக்குப் பேப்பர் போடுறவைக்கும் வணக்கம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் பின்னேரத்தில ஓ எல் பிள்ளையளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறன். ரிப்போர்ட்டட் ஸ்பீச் பற்றித்தான் எழுதுறன், நேர்கூற்றை அயற்கூற்றா மாத்திற அந்தப் பாடம்.

2014ல, ஏ எல் முடிச்சிட்டு நிண்ட நேரம், விடியக் காலமை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனன். டியூட்டியில நிண்ட டொக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, நடுவில இருந்தது இங்கிலீஷ் மட்டும் தான். அம்மா என்ன சொல்லுறா எண்டு கேட்டார். அம்மா நெஞ்சில கையை வைச்சபடி "எனக்கு நெஞ்சு நோகுது தம்பி" எண்டா. நான் அப்பிடியே "மை மதர் செட் ஐ ஹேவ் செஸ்ட் பெயின்" எண்டு சொல்லிப்போட்டன். அவர் அம்மாவை விட்டிட்டு என்னைப் பார்த்து எப்ப தொடங்கினது, முந்தியும் வந்ததோ எண்டு கேக்கத் தொடங்கிட்டார், நானும் அம்மாவைப் பற்றித்தான் கேக்கிறார் எண்டு நினைச்சு பதில் சொல்லிக்கொண்டு நிக்கிறன், அங்கால அம்மா வேர்த்து ஊத்திக்கொண்டு வாங்கில இருக்கிறா. அவர் என்ர கையைப் பிடிச்சு நாடி பார்க்கேக்க தான் எனக்கு விளங்கினது.

நான் ஓ எல்ல இங்கிலீஷுக்கு பி எடுத்தவன். அந்த ரேபிள் முழுக்கப் பாடம், இஸ் எண்டா வோஸ், வில் எண்டா வுட், டுமோரோ எண்டா த நெக்ஸ்ட் டே. ஆனா அண்டைக்குப் பிழைச்சது ரென்ஸ் இல்ல, 'ஐ' எண்ட ஒரு எழுத்துச் சொல்லுத்தான். "ஷீ செஸ் ஷீ ஹாஸ் செஸ்ட் பெயின்" எண்டு சொல்லியிருந்தாக் காணும். செஸ் எண்டு நிகழ்காலத்தில சொன்னா அந்த ரேபிளே தேவையில்ல.

ஏன் பிழைச்சது எண்டு பிறகு கனநாள் யோசிச்சன். எங்கட 'எண்டு' இருக்கே, அது ஆள் சொன்னதை அப்பிடியே தூக்கிக் குடுக்கும். "அம்மா எனக்கு நோகுது எண்டா" எண்டு சொன்னா அந்த 'எனக்கு' ஆர் எண்டு எங்களுக்குக் குழப்பமே வராது. இங்கிலீஷில கோட்ஸ் போட்டு அப்பிடியே எழுதலாம், ஆனா வாயால சொல்லேக்க கோட்ஸ் தெரியாதே, அந்த 'ஐ' சொல்லுற ஆளிலயே ஒட்டிக்கொள்ளும். எங்களிட்ட இதுக்கு மருந்தும் இருக்கு: 'தான்', 'தனக்கு', 'தன்ர'. "அம்மா தனக்கு நோகுது எண்டு சொல்லுறா." பிள்ளையிட்ட முதல்ல இந்த வசனத்தை எடுங்கோ, எங்க 'தான்' வருதோ அங்க ஹீ அல்லது ஷீ போடச் சொல்லுங்கோ. என்ர ரியூசனில ரேபிளைக் காட்ட முதல் இதைத்தான் செய்விக்கிறன், ஒரு மணித்தியாலத்தில பிடிச்சிடுதுகள்.

அடுத்தது 'சொல்லு' எண்ட சொல். எங்களுக்கு அது ஒண்டு, அங்க சே, ரெல் எண்டு ரெண்டு. ரெல் எண்டா ஆருக்கு எண்டது உடன வரவேணும், "ரோல்ட் மீ". சேக்கு ஆள் தேவையில்ல, ஆளைப் போடுறதெண்டா நடுவில 'ரு' வேணும். "செட் மீ" எண்டு எழுதாத பிள்ளையை நான் காணேல்ல. 'கேட்டவர்' இன்னும் மோசம், கேள்வி கேட்டதும் அது, காதால கேட்டதும் அது, ஆஸ்க்ட், ஹேர்ட் ரெண்டுக்கும் எங்களிட்ட ஒரே சொல்லு. கேள்வியைத் திருப்பிச் சொல்லேக்க "ஹீ ஆஸ்க்ட் மீ வெயர் ஐ லிவ்ட்" எண்டு நேர் வசனம் மாதிரித்தான் வரும், டிட் வராது. ஓம் இல்லை எண்டு பதில் வாற கேள்விக்கு 'இஃப்', எங்கட "வந்தவனோ எண்டு கேட்டவர்" எண்டதில வாற அந்த 'ஓ' செய்யிற வேலை அது.

கட்டளைக்கு எங்கட தமிழ் அப்பிடியே கை குடுக்கும். "விதானையார் வரச் சொன்னவர்" எண்டதில 'வர' தான் "ரோல்ட் மீ ரு கம்" எண்டதில 'ரு கம்'. ஆனா எதிர்மறையில கவனம் வேணும். டொக்டர் குளிசை போட வேண்டாம் எண்டவர், "ஹீ ரோல்ட் மீ நொட் ரு டேக் இட்". போடச் சொல்லேல்ல எண்டா "ஹீ டிடின்ட் ரெல் மீ ரு டேக் இட்". ரெண்டும் ஒண்டெண்டு எழுதினா ஒரு ஆளின்ர மருந்து பிழைக்கும். இதை எந்தத் தவணைப் பேப்பரிலயும் நான் காணேல்ல.

ரென்ஸ் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. சொன்ன விசயம் இப்பவும் உண்மையா இருந்தா மாத்தாமலும் விடலாம், உலகம் சூரியனைச் சுத்துது எண்ட ஒரு வசனத்துக்கு மட்டும் உள்ள சலுகை இல்ல அது. "ஷீ செட் ஹெர் சன் லிவ்ஸ் இன் மாங்குளம்" எண்டு எழுதின பிள்ளைக்கு, அவர் இப்பவும் மாங்குளத்தில இருக்கேக்க, தயவு செய்து சிவப்புப் பேனையால வெட்டாதேங்கோ.

கடைசியா 'ஆம்'. "வந்தவராம்", "கண்டவையாம்". இதுக்கு இங்கிலீஷில ஒட்டுற எழுத்து ஒண்டும் இல்ல, "பீப்பிள் சே" எண்டோ "ஐ ஹேர்ட்" எண்டோ தனியாச் சொல்லவேணும். 2017 பெப்ரவரி 20ல இருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் போராட்டத்தில இருந்தவை. அப்பிடியான இடங்களுக்கு வெளியில இருந்து ஆக்கள் வந்து கேக்கேக்க எங்கட பிள்ளையள் தான் மொழிபெயர்த்துக் குடுக்கிறவை. ஒரு தாய் "பிள்ளையை பஸ்ஸில ஏத்தினவையாம்" எண்டு சொல்லேக்க அந்த 'ஆம்' விடுபட்டா, ஆரோ சொல்லிக் கேட்டது அவ கண்ணால கண்டதா மாறிப்போகும். பிறகு இன்னொரு இடத்தில அவ "நான் காணேல்ல" எண்டு உண்மையைச் சொல்ல, முதல் சொன்னது பொய்யோ எண்டு அவவைத்தான் கேப்பினம். அவவின்ர வாயில இருந்து பொய் வரேல்ல, இங்கிலீஷில தான் வந்தது.

அதால பேப்பர் போடுறவையிட்ட ஒரு கேள்வி மட்டும் கேக்கிறன். பத்து வசனத்தைக் குடுத்து மாத்து எண்டு கேக்கிற இடத்தில ஒரு அஞ்சு மார்க்குக்கு இப்பிடி ஒண்டு போடுங்கோ: அம்மம்மா தமிழில சொன்ன நாலு வரி, அதை டொக்டருக்கு இங்கிலீஷில சொல்லு. நான் சேர்த்த வசனங்கள் ஒரு கொப்பி நிறைய இருக்கு, வேணுமெண்டா போட்டோக் கொப்பி அடிச்சுத் தாறன்.

அம்மா இப்பவும் கிளினிக் போறா. வாற மாசம் எனக்கு வேலை, அக்காவின்ர மகள் தான் கூட்டிக்கொண்டு போறாள், பத்தாம் வகுப்பு. நேற்றுப் பின்னேரம் அம்மாவைக் கதிரையில இருத்தி வைச்சு "சொல்லுங்கோ அம்மம்மா" எண்டு கேட்டுக் கேட்டு "ஷீ செஸ் ஷீ" எண்டு பழகிக்கொண்டு இருந்தவள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில இருந்து ஒரு ரியூசன் வாத்தி